மைதானத்துச் சாவி

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஆண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் குணசேகரன், பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை குந்தவை (மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர், அதனால் எதற்கும் தலையாட்டுகிறவர்), ஆண்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர் நெடுஞ்செழியன், பெண்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியை இசைவாணி, இரண்டு பள்ளிக்கும் பொதுவான பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அமிர்தலிங்கம், அவருடைய போன், ஒரு தட்டு பஜ்ஜி.

பொங்கல் முடிந்ததும் வருஷா வருஷம் இப்படி உட்காருவார்கள். பரீட்சை ஹால் யாருக்கு, தண்ணீர் லாரி யாருக்கு, விழா என்றைக்கு என்று பேசி முடித்தால்தான் இரண்டு பள்ளிக்கூடமும் அந்த வருஷத்தை ஓட்ட முடியும். முன்பு ஒரே பள்ளியாக இருந்ததை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். அறிவியல் லேப் பெண்கள் பக்கம் போயிற்று, மைதானம் ஆண்கள் பக்கம். பையன்கள் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருஷம் முழுக்க லேபுக்கு வருவார்கள். பெண்களுக்கு மைதானம் வருஷத்தில் ஒரே நாள், அவர்களுடைய விளையாட்டு விழா அன்றைக்கு மட்டும்.

சுவரில் ஓர் இரும்புக் கதவு உண்டு. எந்தப் பக்கம் நின்றும் திறக்கலாம், சாவி இருந்தால். சாவி அமிர்தலிங்கத்திடம். மைதானம் அவர் தாத்தா பள்ளிக்கு எழுதிக்கொடுத்த இடம். சாவியை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்பது குடும்பத்தின் கட்சி.

"எங்க புள்ளைங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டுக்கு வந்தா என்னா சார் கொறஞ்சுடும்?" என்றாள் இசைவாணி. "பசங்க வருஷம் பூரா எங்க லேபுக்கு வர்றாங்களே?"

"லேப்ல அவனுங்க ஓடலையே மேடம்" என்றார் நெடுஞ்செழியன். குணசேகரன் பஜ்ஜியோடு சிரித்தார்.

இசைவாணி சிரிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு ஷமாவை நினைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கழிவறைக்கும் நடுவே உள்ள சிமெண்டு நடையில் ஓடிப் பழகியவள். நேராக ஓடினால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. போன வருஷம் தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி. முதல் ஆளாக ஓடியவள் வளைவு வந்ததும் விழுந்தாள். அதற்கு முன் அவள் வளைவில் ஓடியதே இல்லை. முட்டியில் ரத்தத்தோடு எழுந்து, "திரும்பணும்னு தெரியும் மிஸ், எப்படித் திரும்பறதுன்னுதான் தெரியல" என்றாள். இந்த ஜூலையில் மறுபடி போட்டி. அதுதான் கடைசி. அதற்கடுத்த ஜூலைக்குள் ஷமா பள்ளிக்கூடத்தை முடித்துப் போயிருப்பாள்.

"விழா முடியட்டும்மா, பாப்போம்" என்றார் அமிர்தலிங்கம் போனிலிருந்து தலை தூக்காமல். போன வருஷமும் அதையேதான் சொன்னார்.

செய்முறைத் தேர்வு முன்னால் வந்துவிட்டதால் பெண்கள் விழாவை ஒரு வாரம் முன்னால் இழுத்து, பையன்கள் விழாவுக்கு மறுநாளே வைத்தார்கள். எல்லோரும் சரி என்றார்கள். அறுவடை மெஷின்காரனுக்குத் தேதி சொல்லிக்கொண்டே அமிர்தலிங்கமும் சரி என்றார்.

அங்கேதான் பிசகியது. பையன்கள் விழாவுக்காக நெடுஞ்செழியன் மைதானத்துக்கு ரோலர் போட்டு இறுக்குவார். தரை களம் மாதிரி ஆகிவிடும். அந்த விழாவுக்கும் பெண்கள் விழாவுக்கும் இடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஒரு வாரம் அமிர்தலிங்கத்தின் சம்பா நெல் காயும் வாரம். எந்த விதியிலும் இல்லாத வழக்கம், ஊருக்கே தெரியும். இத்தனை பேர் உட்கார்ந்து அந்த வாரத்தை அடித்துவிட்டார்கள், ஒருவருக்கும் நெல் ஞாபகம் வரவில்லை. இசைவாணி தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று பிறகு ஊரில் பேசினார்கள். அது பொய். அவளுக்கும் வரவில்லை.

விழா அன்று காலை பேண்டு முழங்க, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகளும் வரிசை கட்டி நின்றன. குணசேகரன் முதல் நாளே அமிர்தலிங்கம் வீட்டுக்கு ஆள் விட்டு வாங்கி வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்தார். முன்னால் கொடி பிடித்து நடந்த ஷமா ஓரடி வைத்து நின்றாள். பின்னால் வந்தவள் அவள் மேல் முட்டிக்கொண்டாள்.

மைதானம் முழுக்க நெல். ஓடுதளம், கோகோ கட்டம், சுண்ணாம்புக் கோடு எல்லாம் அடியில். விடிகாலையில் டிராக்டர் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கூலிக்கு வந்த நாகம்மாளும் இன்னொருத்தியும் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அமிர்தலிங்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி. கிழக்கே நாகப்பட்டினம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

அணிவகுப்பைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது, மூடியது. "இன்னைக்கா?"

"நீங்கதான சார் சரின்னீங்க" என்றாள் இசைவாணி.

காற்று திரும்பியது. நெல்லை மூட ஓரத்தில் போட்டிருந்த படுதாக்களில் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. அமிர்தலிங்கம் போனை எடுத்தார். ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். பையன்களுக்கு நேற்று விழா, இன்று லீவு. நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தொட மாட்டார்கள்.

"டீச்சர், புள்ளைங்கள கொஞ்சம் கை குடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் சார். சாவி?"

"கதவுதான் தொறந்து கெடக்கே."

"இன்னைக்குத் தொறந்து கெடக்கு. நாளைக்கு?"

அமிர்தலிங்கம் அவளை முழுசாகப் பார்த்தார். "என்ன டீச்சர், மழைய வச்சு மெரட்டுறீங்களா?"

"ஆமாம் சார்."

குந்தவை அவள் முழங்கையைப் பிடித்து, "இசை, வேணாம்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் என்றால் மழை நின்றுவிடும் என்று இசைவாணிக்குத் தெரியும். நெல் நனைவது பாவம்தான். அந்தப் பாவத்தை அவள் ஒரு நிமிஷம் காக்க வைத்தாள்.

தூரத்தில் இடி உருண்டது.

"ஐயா, குடுத்துத் தொலைங்க" என்றாள் நாகம்மாள் துழாவுவதை நிறுத்தாமல். "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அது வானத்துலயே நிக்குமா?"

அமிர்தலிங்கம் குணசேகரன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி நீட்டினார். "ஒண்ணு சொல்லிட்டேன். கதவு எந்நேரமும் பூட்டிக் கெடக்கணும். போனா பூட்டணும், வந்தா பூட்டணும். தொறந்து போட்டீங்க, அன்னையோட சரி."

"பூட்டுவேன் சார்."

சாவியை விசில் கயிற்றில் கோத்துக்கொண்டு திரும்பினாள். "ஷூவக் கழட்டுங்கடி! நாலு அணி, நாலு அம்பாரம். யாரு மொதல்ல குவிச்சு மூடுறாங்களோ அவங்களுக்குத்தான் கோப்பை."

விசில் ஊதியதுதான் தெரியும். சிவப்பு அணி வெற்றி மேடையையே பிய்த்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய பலகைகளைக் கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த வடத்தில் கட்டி, இரண்டு பேர் அமுக்க நான்கு பேர் இழுத்தார்கள். நெல் அலையாக எழுந்து ஓடியது. நீலம் சாப்பாட்டுத் தட்டுகளால் வாரியது. பச்சை துப்பட்டாக்களை விரித்து மூட்டையாகத் தூக்கியது. எல்லாம் வயல்காட்டு வீட்டுப் பெண்கள், ஒருத்திக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேண்டுக்காரப் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

"ஏய் பச்ச, அது எங்க நெல்லுடி!"

"பேரு எழுதியிருக்கா?"

அமிர்தலிங்கம் அங்கும் இங்கும் ஓடினார். அவர் சொல்வதை யாரும் கேட்கவில்லை. நெடுஞ்செழியன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மஞ்சள் அணிக்குப் பலகை தேடப் போனார். "யாருக்கும் சப்போர்ட் இல்ல மேடம்" என்று போகிறபோக்கில் சொன்னார்.

முதல் சொட்டு விழுந்தபோது சிவப்பும் நீலமும் மூடியாயிற்று. பச்சை கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மஞ்சளின் படுதா காற்றில் பிய்த்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் பறந்தது. ஷமா அதன் பின்னால் ஓடினாள். அது திரும்பிய பக்கமெல்லாம் திரும்பினாள். பாதி மைதானத்தைச் சுற்றி வளைத்து, இடது தோளைச் சாய்த்து, விழாமல், ஒரு பாய்ச்சலில் அதன் மேல் படுத்துப் பிடித்தாள். இசைவாணி நெல்லை மறந்து அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை கொட்டியது. மஞ்சள் அம்பாரத்தின் அடி நனைந்தது, மீதி தப்பியது. கோப்பை சிவப்புக்கு. விழாவில் வேறொன்றும் நடக்கவில்லை. குந்தவை அறிக்கையில் 'சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதினார்.

திங்கட்கிழமை காலை அமிர்தலிங்கம் பெண்கள் பள்ளி வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு இசைவாணியைத் தேடி வந்தார். வீட்டுக் களமெல்லாம் சேறாம். "நனைஞ்சத மட்டும் ஒரு பகல் போட்டுக்கறேன் டீச்சர்." தன் தாத்தாவின் இடத்துக்கு இன்னொருவரிடம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"நாலு மணி வரைக்கும் சார். வளைவுல போடாதீங்க."

நாலு மணிக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஆண்கள் பள்ளி வழியாகப் போய்விட்டது. அவர் போகவில்லை. சிந்திய நெல் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பெண்கள் உள்ளே வந்து கோட்டோரம் நின்றுவிட்டார்கள். ஷமா வளைவில் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், நேரமாச்சு."

"ஓரமா நின்னு பாக்கறேனே."

"நீங்க நின்னா ஓட மாட்டாங்க."

"எங்க தாத்தா குடுத்த எடம் டீச்சர் இது."

"ஆமாம் சார். ஸ்கூலுக்குக் குடுத்தாரு."

பைக் இருந்த பக்கம் போக இரும்புக் கதவுதான் குறுக்கு வழி. அவர் குனிந்து அந்தப் பக்கம் போனார். ஏதோ சொல்லத் திரும்பினார்.

"பூட்டணும்னு சொன்னீங்க சார்" என்று சொல்லி, இசைவாணி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருப்பினாள்.