பாஸ்போர்ட்டில் ஐம்பத்தெட்டு

பிறந்த தேதி பொருந்தவில்லை என்று மூன்றாவது முறையும் திரையில் சிவப்பு எழுத்து வந்தபோது சாதிக் பாட்ஷா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். துபாயின் ஜெபல் அலியில், தொழிலாளர் கேம்புகளுக்குப் போகும் சாலையில், விசா விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர் அவருடையது. கீழக்கரைக்காரர். எதிரே உட்கார்ந்திருந்த அழகுமலை கன்டெய்னர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சவூதியில் அல் கோபாரில் பதினோரு வருடம், பிறகு இங்கே, மொத்தம் முப்பத்துநான்கு. அனுப்பிய பணமெல்லாம் வீடாகவும் தங்கை கல்யாணமாகவும் மகள் சங்கீதாவின் நர்சிங் படிப்பாகவும் ஆகிப் போனது. இப்போதுதான் முதன்முறையாகத் தன் பெயரில் ஊரில் ஒரு பென்ஷன் கணக்கு தொடங்க வந்திருந்தார். இன்னும் ஒன்பது வருடம் உழைக்கலாம், மாதாமாதம் போட்டால் கடைசிக் காலத்தில் யார் கையையும் பார்க்க வேண்டாம் என்று ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்தார்.

"பான் கார்டுல எழுபத்திநாலு. பாஸ்போர்ட்டுல அறுபத்தேழு. இதுல எது நீங்க?"

"எழுபத்திநாலுதான் பாய். பதினேழு வயசுல வந்தேன். இருபத்திநாலு இருந்தாத்தான் விசா கெடைக்கும்னு ஏஜென்ட்டு கூட்டிப் போட்டுட்டாரு."

சாதிக் பாட்ஷாவுக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்தில் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இரண்டு வயதுகள் உண்டு. அவருடைய மச்சான் ஐம்பதில் மவுத்தானபோது காகிதத்தில் ஐம்பத்தாறு என்று இருந்ததாம்.

"இத்தனை நாளா உங்களைத் தம்பின்னு கூப்பிட்டது தப்பாப் போச்சே. எனக்கு அம்பத்திமூணு. நீங்க அண்ணன்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள், விசா எப்போது முடிகிறது என்று அவர் கேட்டார். பிப்ரவரி என்றார் அழகுமலை. அப்போது நவம்பர். கம்பெனி இரண்டு வருடத்துக்குத்தான் விசா அடிக்கும். இடையில் அறுபது தாண்டுகிறவருக்கு அடிப்பதில்லை. பாஸ்போர்ட்படி அழகுமலைக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. சாதிக் பாட்ஷா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அந்தக் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனார். பான் கார்டைத் திருத்தினால் கணக்கு திறக்கும், ஆனால் ஊரிலும் ஐம்பத்தெட்டாகிவிடும். பாஸ்போர்ட்டைத் திருத்தப் போனால், இவ்வளவு காலம் எப்படி ஏமாற்றினாய் என்று கேட்பார்கள்.

"எதையும் தொடாதீங்க. விசாவுக்குக் கட்டுக்கட்டா அனுப்புற லிஸ்ட்டுல யாரு தேதி பார்க்கப் போறா? கம்பெனில ஒருத்தரும் கவனிக்காத வரைக்கும் உங்களுக்கு வயசே கிடையாது."

பாஸ்போர்ட்டுகள் கம்பெனியிடம்தான் இருக்கும். பேங்க் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அழகுமலை தன்னுடையதை வாங்கி வந்திருந்தார். மறுநாள் டூட்டிக்கு முன்பே ஹெச்.ஆர். அறைக்குப் போய் நீட்டினார். விமல் என்ற கோயம்புத்தூர்ப் பையன் வாங்கிக்கொண்டான். நல்ல பையன். பேங்கில் என்ன வேலை என்று சும்மாதான் கேட்டான். ஊருக்குப் பணம் அனுப்ப என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாக மனதில் வைத்திருந்த சொல் முந்திக்கொண்டது.

"பென்ஷன் கணக்கு ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு தம்பி."

அவன் நல்லது என்றான். இந்த வயதிலாவது தோன்றியதே என்று சொல்லிக்கொண்டே, எந்த வயது என்று பார்ப்பவன்போல முதல் பக்கத்தைப் புரட்டினான். அவன் கண் அங்கேயே நின்றது.

"உங்களைப் பார்த்தா தெரியலீங்ணா," என்றான். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தேடி, எதையோ அடித்தான். அழகுமலை இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

நான்கு நாள் கழித்து கேன்டீன் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. விசா விஷயமாக மேனேஜரைப் பார்க்க வேண்டியவர்கள் நான்கு பேர். மூன்று பெயர்கள் தட்டச்சில் இருந்தன. நான்காவது, பேனாவால் எழுதிச் சேர்த்தது.

மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த பட்டாணியக் கிழவர், மருதாணியிட்ட தாடிக்காரர், அழகுமலையை ஏற இறங்கப் பார்த்தார். இவன் யாருக்குத் துணைக்கு வந்தவன் என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு புரிந்துகொண்டவராக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் காலியான பலகையைத் தட்டினார். அழகுமலை நின்றுகொண்டே இருந்தார். அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாதபடி கிழவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தார்.