பொத்திய கை

தன் முகம் போட்ட கள்ள மிளகாய்த்தூள் பைக்கற் உலகத்தில் எந்த மூலையில் உடைபட்டாலும் கரம்பொன் அல்போன்சம்மாவுக்குத் தும்மல் வரும். லண்டன் என்றால் ஒன்று, பாரிஸ் என்றால் இரண்டு, தொரன்ரோ என்றால் மூன்று, அதுவும் மூக்கு எரிய எரிய. ஆரும் நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊர்காவற்றுறை பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கோ, சொல்லுவார்கள். கடலோடு போன குருசுமுத்துவின் பெண்சாதி அவள். புருசன் போனபிறகு வளவின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டு, செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் வறுத்து இடித்து விற்றாள். அந்தத் தூளில் நண்டுக்கறி வைத்தால் சனம் சட்டியை வழித்துத் தின்னும், சும்மா சொல்லக்கூடாது. கொழும்பு ஏற்றுமதிக் கொம்பனி ஒன்று மோப்பம் பிடித்து வந்து, அவளின் முகத்தைப் பைக்கற்றில் போட்டு, தமிழ்ச்சனம் வாழும் நாடெல்லாம் கப்பலில் அனுப்பியது. கள்ளப் பைக்கற் வந்ததும் தும்மல் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

கள்ளனைப் பிடிக்கக் கொம்பனி துஷாந்தி என்ற சட்டத்தரணிப் பிள்ளையை அனுப்பியது. அவள் முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் சிரிக்கவில்லை, மூன்றாம் நாள் கதிரையை இழுத்துப்போட்டுத் தும்மலுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். அல்போன்சம்மா தும்ம, துஷாந்தி அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் போன் எடுக்க, அங்கே ஒரு கொள்கலன் பிடிபடும். உள்ளே செங்கல் தூளும் சாயமும். அல்போன்சம்மா கண்ணாலும் காணாத தேசங்களில் எல்லாம் அவளின் பெயரை வியாபாரக் குறியாகப் பதிந்தார்கள். சரித்துப் பார்த்தால் நிறம் மாறும் ஸ்ரிக்கர் ஒன்றும் ஒட்டினார்கள். அடுத்த மாதமே கள்ளப் பைக்கற்றிலும் ஸ்ரிக்கர் வந்தது, உண்மையானதைவிடப் பளபளப்பாக. செய்கிறவன் ஆர் என்பதும் தெரிந்துதான் இருந்தது: குருசுமுத்துவின் தம்பி லியோன். லண்டனுக்குப் போகுமட்டும் அல்போன்சம்மாவின் குசினியில் தின்று வளர்ந்தவன். ஒரு பெயரில் வழக்குப் போட்டால் கடையை மூடி இன்னொரு பெயரில் திறப்பான். வழக்குத் தவணையில் கிடக்கும், தூள் கப்பலில் போகும்.

அதுவரைக்கும் அவளுக்கு அது மூக்குத் தொல்லைதான். ஒருநாள் தொரன்ரோவில் இருந்து ஒரு தாய் எப்படியோ நம்பர் எடுத்துப் போனில் கூப்பிட்டாள். அவளின் சின்னப் பெட்டை அந்தத் தூள் போட்ட கறி தின்று, ஆசுப்பத்திரியில் கிடந்து வாயால் இரத்தம் இரத்தமாகச் சத்தி எடுத்ததாம். "உன்ரை முகத்தை நம்பித்தானடி வாங்கினனான். இடிச்ச கை அழுகிப்போகும்," என்று சொல்லிப்போட்டு வைத்துவிட்டாள். அல்போன்சம்மா அன்று சாப்பிடவில்லை. இடிக்காத தூளுக்கு, பார்க்காத பிள்ளைக்கு, தன் கை சாபம் வாங்கியதை அவளால் தாங்க ஏலவில்லை. காசைக் களவெடுத்திருந்தால் விட்டிருப்பாள். முகத்தைக் களவெடுத்துப் பிள்ளைக்கு நஞ்சு கொடுத்தவனை விடுவதாக இல்லை.

"பிள்ளை, நீர் வழக்கை ஒரு பக்கம் வையும். உந்தக் கள்ளப் பைக்கற்றில ஒண்டை எனக்குக் காட்டும்," என்றாள். விசயம் என்னவென்றால், கள்ளத் தூள் முழுக்க வெளிநாட்டில் விலைப்பட்டதால் அவள் அதுவரை ஒரு பைக்கற்றையும் கண்டதில்லை, தும்மியதுதான். பிடிபட்டதில் ஒன்றை துஷாந்தி கொண்டுவந்து கொடுத்தாள். அல்போன்சம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு, சாபம் வாங்கிய நாளுக்குப் பிறகு முதல்தரம் சிரித்தாள்.

கொம்பனிப் பைக்கற்றில் கழுத்தோடு வெட்டிய படம். லியோனின் பைக்கற்றில் அதே படம் இடுப்புவரை, பொத்திய வலக்கையும் சேர்த்து. அந்தப் படத்தை எடுத்தவனே லியோன்தான், லீவில் வந்திருந்தபோது. முதல் இடித்த தூளைப் பார்க்க ஊரே வந்து கண் வைத்துப் போயிருந்தது. பங்குச் சுவாமியாருக்குத் தெரியாமல் அல்போன்சம்மா உப்பும் செத்தலும் முச்சந்தி மண்ணும் கைக்குள் பொத்தி, தூள் கடகத்தை மூன்றுதரம் சுற்றிக் கண்ணூறு கழித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் போட முதல் இவன், "மச்சாள், ஒருக்கா இஞ்ச பாருங்கோ," என்று போனில் அமத்தினான். அவள் கையில் இருந்தது அன்றைக்கே அடுப்புக்குள் போய் வெடித்தது. படத்தில் இருந்தது போகவில்லை. சுற்றினதைப் போடாமல் வைத்திருக்கக்கூடாது, வைத்திருக்கிறவனைப் பிடிக்கும் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். லியோனுக்கும் தெரிந்துதான் இருந்தது. லண்டனில் இருந்து இருந்து மறந்துபோனான். உண்மையான பைக்கற்றைவிட உண்மையாக இருக்கட்டும் என்று முழுப்படத்தையும் போட்டு, அந்தக் கையை லட்சக்கணக்கில் அச்சடித்தான் மூதேவி.

அல்போன்சம்மா பைக்கற்றை அடுப்புக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தாள். "இன்னும் ஆருக்கெண்டு பொத்தி வைச்சிருக்கிறாய்? விரி," என்று படத்துக்குச் சொல்லித் தன் வலக்கையை விரித்தாள். படத்தில் இருந்தவளும் விரித்தாள். அந்த நேரத்தில் உலகம் முழுக்க, கடைத் தட்டுகளிலும் கொள்கலன்களிலும் லியோனின் களஞ்சியத்திலும் இருந்த அத்தனை அல்போன்சம்மாவும் கையை விரித்தார்கள். வாங்கிச் சமைத்த சனத்துக்கு ஒரு செருமலும் இல்லை. கையில் இருந்த செத்தலின் நெடி முழுவதும் படத்துக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போனது. களஞ்சிய வாசலில் நின்ற லியோன் இருமத் தொடங்கினான், பிறகு நிறுத்தவில்லை. அல்போன்சம்மாவுக்கு அதோடு தும்மல் நின்றது. விரித்த கை உள்ள பைக்கற் கள்ளம் என்று கடைக்காரர் பிடித்துக்கொண்டார்கள். துஷாந்தி ஸ்ரிக்கரை நிறுத்தச் சொல்லிக் கொம்பனிக்கு எழுதினாள், காரணம் எழுதவில்லை.

லண்டன் வைத்தியர்கள் நெஞ்சைப் படம் பிடித்தார்கள், ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இறக்கிவிட்டார்கள், பூசையில் வெளியே விட்டார்கள், போனில் ஓடர் கொடுக்க வாய் திறந்தால் இருமல். ஒன்றரை வருசம் தாக்குப்பிடித்து ஊருக்கு வெளிக்கிட்டான். அவன் வந்த பஸ் மண்டைதீவைத் தாண்டவே இருமல் கரம்பொனுக்குக் கேட்டது. அல்போன்சம்மா அப்போது செத்தல் வறுத்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு நின்ற பெண்டுகள் எல்லாம் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓட, லியோன் உள்ளே வந்தான். புகைக்குள் கால் வைத்ததும் அவனுக்கு இருமல் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு எடுத்தான், அழுதான்.

"மச்சாள், கையைப் பொத்தச் சொல்லுங்கோ."

"தொரன்ரோப் பெட்டை சத்தி எடுக்கேக்க நீ எங்க நிண்டனீ?"

அவள் வலக்கையை அவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதில ஒண்டும் இல்லை, பார். பொத்திறதுக்கு என்ன கிடக்கு?" பிறகு வறுக்கிற அகப்பையை அவனிடம் கொடுத்தாள். "வெளிய போனா இருமு. உள்ள நிண்டா வறு."

இப்போது வறுக்கிறவன் லியோன்தான். நல்லாய் வறுக்கிறான், தூள் முந்தியைவிடத் திறம் என்று சனம் சொல்லுது. பெரிய பெரிய சப்பாத்துக் கொம்பனிக்காரரும் மருந்துக் கொம்பனிக்காரரும் துஷாந்தியோடு வந்து கள்ளனைப் பிடிக்க வழி கேட்பார்கள். உப்பையும் செத்தலையும் பொத்திக்கொண்டு படம் எடுங்கோ என்று அல்போன்சம்மா சொல்லி அனுப்புவாள். ஞாயிறு பூசையில் லியோன் இருமினால் சுவாமியார் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடருவார், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னேரங்களில் அவன் பீடி வாங்கச் சந்திவரைக்கும் போய்வருவான். அந்த நேரம் அல்போன்சம்மா உலக்கையை வைத்துவிட்டு, இருமல் ஒழுங்கை வழியே போவதையும் திரும்பி வருவதையும் ஆசைதீரக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் வந்து புகைக்குள் நுழைந்ததும் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக் கொடுப்பாள்.