வலைக்குள் பழுத்த முள்சீதா

கல்மண்டபத்து அம்புரோஸ் டீ குடித்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் ஷிப்டுக்கு ஏழு டீ குடித்த மனிதர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த கையோடு அவர் மனைவி இருதயம்மாள் டீத்தூள் டப்பாவை ஒழித்துக்கட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தின் இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மரம் முள்சீதா என்று மாத்தூரில் நாற்று விற்றவன் சொல்லியிருந்தான். முள்சீதா இலையைக் கண்டால் சகல நோயும் பயப்படும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. நோய் பயந்ததோ இல்லையோ, அம்புரோஸ் பயந்தார்.

அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பங்குக் கோயிலின் அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்த பதினாறு வீட்டுக்கும் இலை போனது. இருதயம்மாளோடு முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டுக் கிறிஸ்டினாகூட இலைக்காகப் பேச்சைத் தொடங்கினாள். போன தவக்காலத்தில் அவள் கூட்டத்தில் எழுந்து நின்று, தன் முழங்கால் வலி இந்தத் தண்ணியால்தான் போனது என்று மைக் பிடித்துச் சாட்சியும் சொன்னாள். மறுநாள் அவள் மீன் வாங்க நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அதை யார் கேட்டார்கள்?

இந்த வருடம் மரம் முதன்முதலாகக் காய்த்தது. ஒரே ஒரு காய். கோயில் திருவிழாவின் காணிக்கைப் பவனியில் அதைத் தானே முதலாவதாக ஏந்திப் போவதாக இருதயம்மாள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். அம்புரோஸ் தினமும் போய்க் காயைப் பார்த்தார். முள் முளைக்கக் காணோம். காய் வழுக்கைத் தலை போல மழமழவென்று பருத்தது. அவருக்கு டீ வாசனையே அடித்துவிட்டது. இருதயம்மாளும் பார்த்திருப்பாள் போல. மறுநாளே அணில் தொல்லை என்று சொல்லி, காசிமேட்டிலிருந்து கிழிந்த மீன்வலையை வாங்கி வந்து காயை நாலு மடிப்பாகச் சுற்றிக் கட்டினாள்.

அம்புரோஸ் சும்மா இருக்கவில்லை. இலை ஒன்றும் பூ ஒன்றும் சட்டைப் பையில் ஒளித்து, மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் பூவம்மாவிடம் கொண்டுபோய்க் கதையைச் சொன்னார். அவள் இலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா நைனா, ராம்சீதா எலயையா ரெண்டு வர்சமா குட்ச்சினு கீற? முள்சீதா எல அகலமா, எண்ண தேச்சா மாதிரி மின்னும். பூவும் கொழுக்கட்டை கணக்கா தடியா இருக்கும். இது மொளகா மாதிரி தொங்குது பாரு. காய்மேல வல வலயா கோடு கீதா?"

வலைமேல் வலை கட்டியிருப்பதால் தெரியவில்லை என்றார் அம்புரோஸ்.

திருவிழாவுக்கு முந்தின நாள் தட்டு அலங்கரிக்க அன்பியத்துப் பெண்கள் வந்து கூடினார்கள். எல்லார் முன்னாலும் வலையை அறுக்க வேண்டியதாயிற்று. உள்ளே செக்கச் சிவந்து, மழமழவென்று, வலை வலையாகக் கோடு போட்ட ராம்சீதா. அம்புரோஸ் தொண்டையைச் செருமினார்.

அவரை முந்திக்கொண்டவள் கிறிஸ்டினா. மைக்கில் சொன்ன சாட்சியை இனி எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"பாவம், வல ஒரசி ஒரசியே முள்ளெல்லாம் தேஞ்சிட்ச்சி. தடம் பாரு எப்டி பதிஞ்சிகீது."

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். பதினாறு வீடும் குடித்த தண்ணியாயிற்றே. மிச்சம் இருந்தது அம்புரோஸின் வாய் ஒன்றுதான். இருதயம்மாள் அவரைப் பார்த்தாள். முதல் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அம்புரோஸ் அவள் காதருகே குனிந்தார். "பால் வாங்கினு வரட்டா?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள். "அர லிட்டரு. டீத்தூளும்."

அம்புரோஸ் வாசல்வரை போய்த் திரும்பி, போன மாசம்வரை முள் இருந்தது, நானே கண்ணால் பார்த்தேன், ஒரு தடவை விரலில்கூடக் குத்தியது என்று சபையோருக்குச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.