இரண்டாம் இடத்துக்கு ஒன்றுமில்லை

மார்லா மறுபடியும் தன் டோக்கன்கள் முழுவதையும் மேசை நடுவே தள்ளினாள். எதிரே இருந்த வெண்டல் தன் சீட்டுகளை ஓரமாகத் தூக்கிப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், கவிழ்த்து அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்தான்.

"என்னாச்சு உனக்கு? இத்தனை வருஷமா நல்ல சீட்டு வர்ற வரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருப்பே. இன்னிக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது. ஆடு."

அந்த நெவாடா சுரங்க ஊரில் செவ்வாய் மதியம் என்றால் போக்கர்தான். வழக்கமாகக் கடைசியில் மிஞ்சும் இருவர் பரிசைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு பீர் குடிக்கப் போய்விடுவார்கள். இன்றைக்கு அது நடக்காது. பரிசு, லாஸ் வேகாஸ் பெரிய போட்டியில் ஒரே ஓர் இடம், தங்க ஓர் அறை. நாற்காலியை அறுத்தா பங்கு போட முடியும்?

லாரி ஓட்டுகிற வெண்டல் ஆட்டத்துக்கு முன்னால் காபி குடிக்கும்போதே சொல்லிவிட்டான். "ஜெயிச்சா அங்கேயே தங்கிடுவேன் மார்லா. அண்ணன் ஷெட்டுல வேலை இருக்காம். தோத்தா இருக்கவே இருக்கு இந்தப் பாழாப்போன ரோடு." மார்லா காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். சுரங்கக் கேன்டீனில் வாரம் முழுக்க அவள் முட்டை பொரிப்பதே அவனோடு உட்காரும் இந்த ஒரு செவ்வாய்க்காகத்தான் என்று அவனுக்கு எங்கே தெரியும்? அவள் சொன்னால்தானே. நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருப்பது அவள் பிறவிக் குணம்.

ஆனால் இருவர் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் காத்திருந்தால் செத்தோம். சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் கட்டிக் கட்டியே கரைந்துபோவோம். கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் முந்திக்கொண்டு அடிக்க வேண்டும். குப்பைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். வெண்டலின் குவியல் தேய்ந்தது.

கடைசியில் அவன் பொறுமை போயிற்று. "போதும் தாயே, பார்த்துடலாம்." அவனிடம் ஆஸும் ராஜாவும். மார்லாவிடம் ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கை கிடையாது. சீட்டுப் போடும் நார்மா நடுவில் ஐந்து சீட்டுகளை விரித்தாள். அதில் ஓர் ஏழு. ஆஸும் இல்லை, ராஜாவும் இல்லை. ஏழு ஜோடி சேர்ந்து மார்லா ஜெயித்துவிட்டாள்.

"அடிப்பாவி!" வெண்டல் வாய்விட்டுச் சிரித்தான். எழுந்து வந்து கை குலுக்கினான். "போய் ஜமாய். அடுத்த செவ்வாய் உன் நாற்காலில நான் உக்காந்துக்கறேன்." தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜெயித்தவர்தான் போக வேண்டும். இன்னொருவருக்கு மாற்றித் தரக் கூடாது. அவனைப் போகவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில், போகப்போவது தான் என்பதையே மறந்திருந்தாள்.

"ரூம் ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" நார்மா பேனாவோடு கேட்டாள்.

மார்லா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெண்டல் லாரிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏழையும் இரண்டையும் நம்பி மொத்தத்தையும் தள்ளியவளுக்கு இப்போது வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

"அம்மாடி, உன்னைத்தான்."

"இரு, வரேன்."

அவள் கோட்டு நாற்காலியிலேயே கிடந்தது. கதவுச் சத்தம் கேட்டு வெண்டல் திரும்பினான். கண்ணாடியில் பாதிதான் பனி விலகியிருந்தது; சுரண்டிய கை அப்படியே நின்றது.