அறுபத்து நாலாவது முழங்கை

என் தம்பி வெர்லின் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக எறிந்தவனில்லை. பள்ளிக்கூட நாட்களில் அவன் எறிந்த பந்து, எதிரே நிற்பவனைத் தவிர மற்ற எல்லோரையும் போய்ச் சேரும். அப்படிப்பட்டவன்தான் இன்று நாடு முழுக்கச் சின்ன லீக்குகளில் பேஸ்பால் ஆடும் பையன்களின் முழங்கை, தோள்பட்டை, தொடைத்தசை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறான்.

காப்பீட்டு நிறுவனத்தில், மோதி நசுங்கிய கார்களுக்கு மதிப்புப் போடும் வேலையில் இருந்தான். ஓய்வு பெற்றதும் கை அரித்திருக்க வேண்டும். கார்களை விட்டுப் பையன்களைப் பிடித்துக்கொண்டான். 'நாளைய நூறு' என்று ஓர் இணையதளம். பெரிய லீக்குக்குப் போகக்கூடியவர்கள் என்று நூறு பேரை வரிசைப்படுத்தி, யாருக்கு எங்கே வலிக்கிறது, யார் எப்போது திரும்புவான் என்று தினமும் காலையில் எழுதுவான். அதைப் படிக்க நாலாயிரம் பேர். அவர்களும் இவனைப் போலத்தான் இருப்பார்கள் என்பது என் அனுமானம்: தொப்பை, பந்தின் வேகம் அளக்க ஒரு கருவி, வீட்டில் பேச விஷயமில்லாத வாய்.

நாங்கள் இருப்பது அயோவாவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். எங்கள் ஊர் அணிக்கு ஆட வரும் பையன்களின் சம்பளம் அந்த நாட்களில் வாடகைக்குக் காணாது. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒருவரை வீட்டில் வைத்துக்கொள்வோம். அந்த வருடம் மே மாதம் என் மாடி அறைக்கு வந்தவன் கீகன். நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். கதவுக்குக் கதவு தலையைக் குனிவான். வலது கைப் பந்து வீச்சாளன். அதற்கு முந்தைய வருடம் முழங்கையில் தசைநார் அறுந்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டியிருந்தார்கள். ஆறிவிட்டது, இனி மெல்ல மெல்ல ஆட்டத்துக்குப் பழக்கலாம் என்று, அவனை ஒப்பந்தம் செய்திருந்த பெரிய லீக் அணியின் மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வெர்லினின் வரிசையில் அவன் பதினொன்றாவது. அப்புறம் அறுபத்து நாலு.

பையன் என் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்த அன்று மாலையே வெர்லின் வந்து நின்றான். எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது எட்டிப் பார்க்காதவன், கையில் ஒரு பழ கேக்கோடு வந்தான். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பையன் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. உப்பு டப்பாவை எந்தக் கையால் எடுக்கிறான், நாற்காலியை எந்தக் கையால் இழுக்கிறான் என்பதிலேயே கண்.

"டேய், தட்டைப் பாத்துச் சாப்பிடு," என்றேன்.

"சும்மா பேசிட்டிருக்கோம் டார்லீன். தூக்கம் எப்படி தம்பி? அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியுதா?"

"நல்லா தூங்கறேன் சார்," என்றான் கீகன்.

ஒருநாள் சாயங்காலம், அடுப்பிலிருந்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்துத் தருகிறேன் என்று கீகன் எழுந்தான். கைத்துணி போடாமல் விளிம்பைப் பிடித்துவிட்டான். வலது கை விரல் இரண்டு சிவந்துபோயின. குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதன் பிறகுதான் வெர்லின் வந்தான். மேஜையில் ஊறுகாய் ஜாடி மூடி இறுகிக் கிடந்தது. கீகன் அதை இடது கையால் திருகித் திறந்தான். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை 'நாளைய நூறு' சொன்னது: 'வீட்டுக்கு மிக நெருங்கிய வட்டாரத் தகவல்படி, கீகன் அன்றாட வேலைகளுக்கும் வலது கையைத் தவிர்க்கிறான். புது நார் பிடிக்கவில்லை என்றே அஞ்ச வேண்டியிருக்கிறது.'

மதியத்துக்குள் பெரிய அணியின் அலுவலகத்திலிருந்து போன். அங்கே இருப்பவர்களும் இந்தக் குப்பையைப் படிக்கிறார்கள். முழங்கையைப் படம் எடுக்க பையனை நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த வாரம் ஆட வேண்டியவனை ஜூலை வரை நிறுத்தி வைத்தார்கள். வெர்லின் அவனை எண்பத்தொன்றாவது இடத்துக்கு இறக்கினான். காரணம்: 'திரும்புவதில் தாமதம்.'

நான் அவன் வீட்டுக்கே போனேன்.

"விரல் சுட்டுக்கிச்சுடா மடையா. என் அடுப்புல சுட்டுக்கிச்சு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்ததைத்தானே எழுதினேன்."

"கேட்டிருந்தா சொல்லிருப்பானே."

"கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. அதனாலதான் கேக்கறதில்ல," என்றான், பெரிய நீதிபதி மாதிரி. வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

திரும்பி வந்தால் கீகன் பின்வாசல் படியில் போனோடு உட்கார்ந்திருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். "எண்பத்தொண்ணு மேடம்," என்றான். "எங்கம்மா இப்பதான் போன் பண்ணாங்க. ஏன் இறங்கிட்டேன்னு கேக்கறாங்க."

"அதையெல்லாம் நீங்க படிக்கறீங்களா?"

"தினமும். அப்பா பண்ணைல வேலையாள் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவார்."

ஊறுகாய் மூடியைப் பார்த்து ஒருவன் எழுதுகிறான். அதை வைத்து ஒரு தாய் அங்கே கவலைப்படுகிறாள்.

வெர்லினை ஏமாற்றும் யோசனை கீகனுடையதுதான். இரண்டு நாள் கழித்து, வெர்லின் வரும் நேரம் பார்த்து, பின்கட்டில் கார் கொட்டகைச் சுவரை நோக்கி இடது கையால் பந்தெறிய ஆரம்பித்தான். பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு பந்து கூரையில் போய் உட்கார்ந்தது, இன்னொன்று என் தக்காளிச் செடியை ஒடித்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். வெர்லின் காரை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே குனிந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே ஓட்டிப் போய்விட்டான். சோளமும் பன்றிக்கறியும் எங்களுக்கு மிஞ்சின.

மறுநாள் நீளமாக ஒரு கட்டுரை. இரண்டு கையாலும் வீசும் ஒருவனைப் பெரிய அணி ரகசியமாக உருவாக்குகிறதாம்; நம் காலத்தின் துணிச்சலான பரிசோதனையாம். கீகன் ஒன்பதாவது இடம். அணி நிர்வாகம் சிரித்துக்கொண்டே மறுத்தது. 'மறுக்கத்தானே செய்வார்கள்' என்று வெர்லின் எழுதினான். அவன் தளத்தைப் படிப்பவர்கள் எட்டாயிரம் ஆனார்கள். முட்டாளாகிப் போவான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவன் பிரமுகனாகிப் போனான்.

ஜூலையில் கீகன் மறுபடி ஆட இறங்கிய மாலை, மட்டைக்காரனுக்குப் பின்னால் வலைக்கு அந்தப்பக்கம் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சிகாகோவிலிருந்துகூட வந்திருந்தார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆண்கள், மடியில் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் அடுக்கிய கோப்பு, கையில் வேகமானி. நடுவில் வெர்லின், கல்யாண வீட்டுச் சம்பந்தி போல.

முதல் மட்டைக்காரனை கீகன் சுலபமாக வெளியே அனுப்பினான். வலது கைதான். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "இடது கையக் காட்டுப்பா."

இன்னொருவன்: "அதுக்குத்தான் அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம்."

விஷயம் தெரியாத எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பீர் இருந்தால் எங்கள் ஊரில் எதற்கும் சேர்ந்துகொள்வார்கள். 'இடது, இடது' என்று கால் தட்டினார்கள். கீகனின் காது சிவந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பந்து விலகி விலகிப் போனது. நாலு பந்து விலகினால் மட்டைக்காரன் சும்மாவே நடந்து முதல் மூலைக்குப் போய்விடலாம். அப்படி மூன்று பேர் வரிசையாக நடந்தார்கள். பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

கீகனைக் காரில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசலில் இறங்கும்போது, "நாமே குழி வெட்டிட்டோம் மேடம்," என்றான்.

"வெர்லினைக் கூப்பிட்டு உண்மையச் சொல்லிடட்டுமா?"

"நம்ப மாட்டார். எனக்கு வேற ஒண்ணு தோணுது."

அடுத்த முறை அவன் இறங்கியபோதும் அதே கூட்டம், அதே கூச்சல். ஆட்டம் தொடங்குமுன் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சில பந்துகள் வீசுவார்கள். கீகன் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். பந்தை இடது கைக்கு மாற்றினான். அரங்கமே அடங்கிப்போயிற்று. வேகமானிகள் எல்லாம் உயர்ந்தன. அவன் காலைத் தூக்கி, முழு பலத்தோடு வீசினான்.

பந்து எங்கள் அணிக்காரர்கள் உட்காரும் இடத்துக்குள்ளேயே போய் விழுந்தது. நாலு பேர் எகிறிக் குதித்தார்கள், தண்ணீர்ப் பீப்பாய் உருண்டது. பிறகு அரங்கம் முழுக்கச் சிரிப்பு. கீகனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் இங்கே வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூட்டத்துக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, எதிரே வந்த மூன்று பேரையும் வலது கையால் வரிசையாக வெளியே அனுப்பினான். 'இடது' என்று யாரும் கேட்கவில்லை.

வெர்லின் அன்று எழுதியது எனக்கு மனப்பாடம்: 'இடது கையின் கட்டுப்பாடு இன்னும் மெருகேற வேண்டும். ஆனால் அந்த வேகம் கவனிக்கத்தக்கது.' ஒன்பதாவது இடம் அப்படியே இருந்தது.

அதன் பிறகு கீகன் அந்தத் தளத்தைத் திறக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டான். செப்டம்பர் வரை அமைதியாக ஆடினான். முழங்கை வலிக்கவில்லை, ஆனால் பழைய வேகம் வரவில்லை. அது அவனுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அடுத்த வசந்தத்தில் பெரிய அணி அவனை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தபோது, முதலில் எனக்குத்தான் போன் செய்தான். கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னான். "மாட்டுக்கு யாரும் நம்பர் போட மாட்டாங்க மேடம்," என்றான். போடுவார்கள், மாட்டுக் கண்காட்சியில் பரிசு ரிப்பனே கட்டுவார்கள் என்றேன். இருவரும் சிரித்தோம்.

அந்த வாரமே வெர்லினைக் கடைவீதியில் பார்த்துச் சொன்னேன்.

"கீகனா?" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவனை ஜனவரிலயே வரிசைலருந்து எடுத்துட்டேனே."

"அவன் எப்படி இருக்கான்னு கேக்க மாட்டியா?"

"அதான் விட்டுட்டாங்களே டார்லீன். இனி என்ன இருக்கு அதுல?" என்றவன், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். மிசௌரியில் யாரோ பதினெட்டு வயதுப் பையனாம், தோள்பட்டையில் ஏதோ சத்தமாம். அந்தச் சத்தத்தை மறுநாள் நேரில் போய்க் கேட்கப் போகிறானாம்.

நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கீகனுக்குப் படிப்பு ஆகஸ்டில் தொடங்கவிருந்தது. அதற்கு முன்னால் ஒரு வாரம் தன் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லி அவன் அம்மா என்னை அழைத்திருந்தாள். போவதாகச் சொல்லிவிட்டேன்.