மடக்கிய தட்டைகள்

கதிர் முற்றியதும் மக்காச்சோளத்தட்டையை இடுப்பளவில் மடக்கி, கதிரைத் தலைகீழாகக் காயவிடுவோம். அந்த வருஷம் மடக்கிய மறுநாளே ராணுவம் வந்தது. அறுக்காமலே மலைக்கு ஓடினோம்.

"மழை பேஞ்சா நம்ம சோளம் தானா மொளச்சு நிக்கும். ஊருக்குப் போனதும் ரொட்டி சுடலாம் கண்ணு," என்று பசியில் கிடந்த மகள் யூலோகியாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் செத்தபோது துப்பாக்கிச் சத்தம் பக்கத்தில் கேட்டது. குழி தோண்ட நேரமில்லாமல் அவள்மேல் இலைகளைப் போட்டு மூடிவிட்டு ஓடினோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஊர் திரும்பினோம். கொய்யா காய்த்துக் குலுங்கியது. களை ஆளுயரம் நின்றது. மக்காச்சோளம் மட்டும் இல்லை. மனிதக் கை உதிர்த்து விதைக்காமல் அது பிழைக்காது. கீழே விழுந்த கதிர் ஒன்றில் எல்லா மணிகளும் ஒரே இடத்தில் முளைத்து, ஒன்றையொன்று நெரித்துச் செத்திருந்தன.

"தானா நிக்கும்னியே, புளுகா! சோளக்காட்டுல பொறந்தவன்தானே நீ?" என்றாள் என் மனைவி செலெதோனியா.

முளைகளைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பச்சை இல்லை. குழி தோண்டிக் கதிரை உள்ளே கிடத்தினாள்.

"செத்தத நட்டு என்னடி பண்ணப்போற?"

"யாரு நட்டா? இதுக்காச்சும் மண்ணு போட்டுக்கிறேன், விடு."