ஏரிச் செய்திக்கு ஒரு மறுப்பு

அந்தச் செய்தி அலுவலகம் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் இருந்தது. ஓர் அறை, ஒரு மேசை, கதவில்லாத ஒரு ஜன்னல். அங்கிருந்து மூன்று பேர் இணையத்தில் செய்தித்தளம் நடத்தினார்கள். முதலாளி இல்லை, விளம்பரம் இல்லை, அதிகாரத்தின் வாசலில் கைகட்டி நிற்கும் வழக்கமும் இல்லை. வாசகர் அனுப்பும் சந்தாதான் சோறு. "சந்தா வந்தா சம்பளம், வரலைன்னா கொள்கை" என்பார் ஆசிரியர். கொள்கை மிகுந்த மாதங்களில் கேமராக்காரர் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆசிரியருக்கோ அவதூறு வழக்குகளுக்கு வாய்தா வாங்கவே பகல் போதாது. மிச்சமிருந்த வேலையெல்லாம் தந்தியின் தலையில் விழுந்தது. நாலு சொல்லில் பேச்சை முடித்துவிடுகிறவள் என்பதால் அந்தச் செய்தியாளருக்கு அலுவலகத்தில் தந்தி என்றே பெயர்.

அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. விதி என்பதைவிட மானம் என்பதே பொருந்தும். எழுதியதை எந்த அதிகாரிக்கும் முன்கூட்டிக் காட்டமாட்டார்கள். ஆனால் வாய் திறந்து பேசிய மனிதருக்கு, அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே வெளியிடுவார்கள். பெரிய பத்திரிகைகள் ஏழையின் பேச்சை வெட்டி ஒட்டி விற்கின்றன, நாம் அந்தப் பாவத்தைச் செய்வதில்லை என்பதில் மூவருக்கும் பெருங்கர்வம்.

கர்வத்துக்கு ஈடான கருவிகள்தான் இல்லை. தந்தியின் கைபேசியில் காதருகே ஒலிக்க வேண்டிய பகுதி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஸ்பீக்கரில் மட்டும் பேசும். சுவரில் சொருகினால்தான் உயிரோடிருக்கும். "நம்ம ஆபீஸ்ல ரகசியம் பேசணும்னா நடுரோட்டுக்குத்தான் போகணும்" என்று கேமராக்காரர் கேலி செய்வார். அதற்கும் அந்தச் சார்ஜர் கயிறு எட்டாது.

டேங்கர் லாரி ஓட்டுநர் ஒருவர் தாமாகவே தந்தியைத் தேடி வந்தார். சாயத் தொழிற்சாலையின் கழிவை விடியலில் ஏரியில் திறந்துவிடுவது அவருடைய வேலை. அந்த ஏரியிலிருந்துதான் கரையோரக் குடியிருப்பு முழுவதும் குடிநீர் எடுத்தது. தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவலாளி இவர்களை உள்ளே விடமாட்டான். இணையச் செய்தியாளர்களுக்கு அரசு அடையாள அட்டை தருவதில்லை. ஆகவே ஓட்டுநரின் வாய்ச்சொல்லே சான்று. பேர் வெளியே வராது என்று தந்தி வாக்குக் கொடுத்தாள். அவர் அதைக் காட்டிலும் வேறொன்றைக் கேட்டார்: "நான் சொல்றத அப்படியே போடணும் தங்கச்சி. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் கண்ணால பாத்தது அவ்வளவுதான்."

செய்தி தயாரான பகலில் ஆசிரியர் நீதிமன்றத்தில் இருந்தார், கேமராக்காரர் பார்சலோடு அலைந்துகொண்டிருந்தார். தந்தி ஓட்டுநருக்குப் போன் போட்டு, சுவரோடு ஒட்டி நின்று, தாழ்ந்த குரலில் வாசித்தாள். தன் குரலை அவள் அடக்கினாள். அவர் குரலை யார் அடக்குவது? ஆயுள் முழுவதும் எஞ்சினோடு போட்டி போட்டுப் பேசிய தொண்டை அது. ஒவ்வொரு வரிக்கும் "ஆமா தங்கச்சி, அந்தக் குழாயை நான்தான் திறந்தேன், கரெக்ட்டு" என்று அவர் முழங்கினார். அந்த முழக்கம் கதவில்லாத ஜன்னல் வழியாக இறங்கிப் பஞ்சர் கடையை நிறைத்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கக் காத்திருந்தவர் அதே தொழிற்சாலையின் இன்னொரு ஓட்டுநர்.

அவர் கெட்டவர் அல்லர். காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. மறுநாள் லாரிகள் நிற்கும் இடத்தில், "என்ன மாமா, மாடியிலேருந்து பேட்டியெல்லாம் குடுக்குறீங்க, அடுத்து சினிமாவா?" என்று கிண்டல் செய்தார். சிரித்தவர்களுக்கு நடுவே மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

செய்தி வெளிவந்தது. கரையோர மக்கள் ஏரியில் குடம் வைப்பதை நிறுத்தினார்கள். அதிகாரி ஒருவர் தண்ணீரைச் சோதிக்க ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். தந்தி தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக, எழுத்தால் ஒரு குடத்தையாவது கவிழ்க்க முடிந்ததே என்று நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த வாரமே ஓட்டுநரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டீசல் திருடினார் என்று புகாரும் எழுதினார்கள். ஏரியில் நஞ்சு கலந்தவனைத் தேட ஆளில்லாத ஊரில், இல்லாத டீசலைத் தேடி அவர் வீட்டுக்குக் காவலர்கள் வந்தார்கள்.

தொழிற்சாலையின் வழக்கறிஞர் படியேறி வந்து, மிக மரியாதையாக உட்கார்ந்தார். செய்தியை நீக்க வேண்டும். ஓட்டுநர் மனக்கசப்பால் பொய் சொல்லிவிட்டு வருத்தம் தெரிவிக்கிறார் என்று மறுப்புப் போட வேண்டும். போட்டால் வேலையும் திரும்பும், புகாரும் போகும். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல மேடம். பேசினவர்கிட்ட வாசிச்சுக் காட்டுவீங்களாமே. அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆசிரியர் எழுந்து ஜன்னலருகே போனார். பிறகு, மிரட்டினால் எதிர்த்து நிற்கலாம், விலை பேசினால் துப்பலாம், நம் மானத்தையே நமக்குக் கண்ணியாகப் போட்டிருக்கிறார்களே என்றார். லாரிகள் நிற்கும் இடத்தில் நடந்ததை ஓட்டுநர் ஏற்கெனவே தந்தியிடம் சொல்லியிருந்தார். ஜன்னலுக்குக் கதவு இல்லாததும், தன் கைபேசி செத்ததும் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்திருக்கின்றன என்ற நினைப்பு அவள் நெஞ்சை அறுத்தது. ஊருக்கெல்லாம் உழைப்பாளியின் உரிமையை எழுதியவர்கள், பேசுவதற்கு ஒரு மூடிய அறை தங்களுக்கு வேண்டும் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. வறுமையைத் தியாகம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது பிறர் கழுத்தையும் அறுக்கும் என்று தெரியாமல் போயிற்று.

இந்த முறை அவள் போன் செய்யவில்லை. ஓட்டுநரின் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். தந்தி மறுப்பை வாசித்தாள். ஓட்டுநர் கேட்டுக்கொண்டிருந்தார். "பொய்" என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"அது வேணாம் தங்கச்சி."

"அது இல்லாம அவங்க ஒத்துக்கமாட்டாங்கண்ணே."

"செய்தியைத் தூக்கிடுங்க. என் வாயில துணியை வெச்சு அடைச்சுக்குறேன். ஆனா நான் பொய் சொன்னேன்னு நானே எப்படிச் சொல்வேன்? என் பையன் அதைப் படிப்பானே."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது, சண்டைக்கு நிற்கும் குரல் அல்ல, களைத்த குரல்: "உண்மையை வெச்சு உலை வெக்க முடியுமான்னு கேளுங்க அவங்கள."

ஓட்டுநர் தலை குனிந்தார். "சரி, போட்டுடுங்க" என்றார். அவருடைய தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று தந்தி நினைத்ததில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. காகிதத்தை முழங்காலில் வைத்து, ஓட்டுநரைப் பற்றிய வரிகளை அடித்துவிட்டு, வேறு எழுதினாள், எழுதியதை வாசித்தாள். எந்த ஓட்டுநரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தச் செய்தி முழுவதும் இட்டுக்கட்டியது. இட்டுக்கட்டியது அதை எழுதிய செய்தியாளர்.

"யாரு, நீங்களா?" என்றார் அவர்.

"நான்தாண்ணே."

"அப்புறம் உங்கள யாரு வேலைக்கு வெச்சுப்பா?"

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் வாசல்வரை வந்து நின்றார்.

ஆசிரியர் மறுத்தார், மன்றாடினார். இதுவரை ஒரு பொய்கூட இந்தத் தளத்தில் ஏறியதில்லை தோழர், முதல் பொய்யை நீங்களே உங்கள் மேல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்றார். செய்தி தன் பெயரில் வந்தது, அதன் பழியும் தனக்கே என்று தந்தி சொன்னாள். தொழிற்சாலைக்கு இந்த வாசகம் இன்னும் இனித்தது. ஓட்டுநர் வேலைக்குத் திரும்பினார். அதிகாரி சோதனையைக் கைவிட்டார். வாசகர்கள் ஏசினார்கள், சந்தாவை நிறுத்தினார்கள். பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டவளை வைத்துக்கொண்டு தளம் நடத்த முடியாது என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே தன் பொருள்களை ஒரு பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சுவரில் தொங்கிய கைபேசி ஒலித்தது. கரையோரக் குடியிருப்பில் அவளுக்கு அறிமுகமான பெண்.

"கண்ணு, நீ போட்டதெல்லாம் பொய்யாமே. அப்ப அந்தத் தண்ணியைக் குடிக்கலாம்ல?"

ஆசிரியர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தந்தியின் கண்முன் ஓட்டுநரின் களைத்த குரலுடைய மனைவியும், அவர் பையனும் வந்து நின்றார்கள். ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"வேணாங்கக்கா. குடிக்காதீங்க."

"நீதானே பொய்யின்னு எழுதியிருக்க?"

"நான்தான் எழுதினேன்."

"அப்ப எதைத்தாம்மா நம்புறது? ரெண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணி தூக்கிட்டு வந்து எனக்கு இடுப்பே போச்சு. விளையாடுறியா எங்ககிட்ட?"

அந்தப் பெண் கோபத்தில் கைபேசியைக் கரையில் எங்கேயோ வைத்துவிட்டாள், அணைக்க மறந்துவிட்டாள். ஸ்பீக்கரில், ஏரித் தண்ணீரில் குடம் முக்கும் சத்தம் அந்த அறை முழுவதும் கேட்டது.